ஹெல்மெட்டை எடுத்துக் கொடுத்தவர்

ஆட்டம் நடக்கும்போது எல்லாக் கோச்சுகளும் வாயை அட்டையால் மறைத்துக்கொண்டுதான் பேசுவார்கள். எதிர்ப்பக்கத்துக்காரன் தூரத்திலிருந்தே உதட்டைப் பார்த்து, அடுத்து என்ன ஆடப்போகிறோம் என்று கண்டுபிடித்துவிடுவான் என்ற பயம். அதனால் ஹோசியா டில்மன் தன் அட்டையை வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு நிற்பதையும், ரூஃபஸ் ப்ரூவர் அவர் காதோரம் குனிந்து முணுமுணுப்பதையும் யாரும் சந்தேகப்படவில்லை. இரண்டு கிழட்டு நரிகள் தந்திரம் பேசுகின்றன என்றுதான் கில்லியம் கல்லூரியில் எல்லோரும் நினைத்தார்கள்.

ரூஃபஸ் சொன்னது வேறு.

"அந்த நெட்டையன் பேரு மார்க்கீஸ். நாம வலது பக்கம் போறோம். நாலு பாயிண்ட் பின்னாடி இருக்கோம்."

"தெரியும்டா," என்பார் ஹோசியா. தெரிந்திருக்காது.

இரண்டு பேரும் கில்லியமில் படித்தவர்கள், அங்கேயே ஆடியவர்கள். மெம்ஃபிஸுக்குத் தெற்கே எங்கள் டெல்டாப் பக்கம் ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது அல்ல. பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒருவன் ஓடுவான், எதிரே வருகிறவர்கள் தலையும் தோளுமாக மோதி அவனை வீழ்த்துவார்கள். ஹோசியா பந்தோடு ஓடுகிறவர். ரூஃபஸ் அவருக்கு முன்னால் வழி திறந்துவிடுகிற முன்வரிசைக்காரர். பிறகு ஹோசியா அதே கல்லூரிக்குத் தலைமைக் கோச்சாக வந்தபோது முன்வரிசையைப் பார்த்துக்கொள்ள ரூஃபஸைத்தான் கூப்பிட்டார்.

ஹோசியாவின் படம் உடற்பயிற்சிக் கூடத்துத் தாழ்வாரத்தில் தொங்குகிறது. அவர் படித்த காலத்தில், பழைய மாணவர்கள் எல்லாரும் ஊர் திரும்பும் வருடாந்திர ஆட்டத்தில், மோதலில் நினைவு தப்பி விழுந்தார். மூக்கில் அம்மோனியாக் குப்பியை உடைத்துக் காட்டி எழுப்பினார்கள். எழுந்து போய், அடுத்த முறை பந்து கைக்கு வந்ததுமே மைதானத்தின் பாதித் தூரத்தை ஓடிக் கடந்து ஜெயிக்கவைத்தார். அந்தக் கதையை முடிவெட்டும் கடையில், சர்ச் வாசலில், சாவு வீட்டில்கூடச் சொல்வார்கள். ஒவ்வொரு வருடமும் அவர் ஓடிய தூரம் கொஞ்சம் கூடும். ஹோசியா தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். ரூஃபஸுக்கு மட்டும் ஒருமுறை சொன்னார்: "அந்த ஓட்டம் எனக்கு ஞாபகமே இல்லடா. இவங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்."

மறதி முதலில் பெயர்களில் வந்தது. அப்புறம் பச்சை விளக்கு எரியும்போது வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் ஹாரன் அடித்தவனைப் பார்த்துக் கையசைத்தார். ஒரு பயிற்சி நாளில், இறந்துபோன மனைவி மதியச் சாப்பாடு கொண்டுவருவாள் என்று கேட் பக்கம் பார்த்துக்கொண்டே நின்றார். ரூஃபஸ் அவரை எங்கள் ஆட்கள் யாரும் பார்த்துவிடாதபடி மெம்ஃபிஸ் வரை கூட்டிப்போய் ஒரு டாக்டரிடம் காட்டினார். டாக்டர் மூளைப் படத்தைச் சுட்டி, இளம் வயதில் தலையில் எத்தனை அடி வாங்கினீர்கள் என்று கேட்டார். ஹோசியா சிரித்தார்.

"எண்ணினவன் யாரு டாக்டர்?"

வண்டி நிறுத்துமிடத்தில் வந்து அந்தச் சிரிப்பு போய்விட்டது.

"இந்த ஒரு சீசன் மட்டும், ரூஃபஸ். நானா நடந்து வெளிய போறேன். என்னைத் தூக்கிட்டுப் போற மாதிரி ஆக்கிடாத."

"யாருக்கும் தெரியாது. நான் பக்கத்துலயே நிக்கறேன்," என்றார் ரூஃபஸ்.

அந்த ஒரு சீசன் முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. தலைமைக் கோச் போனால் அவர் வைத்த உதவிக் கோச்சுகளும் மூட்டை கட்ட வேண்டியதுதான், புதிதாக வருகிறவர் தன் ஆட்களைக் கொண்டுவருவார். இந்த விஷயத்தை ரூஃபஸ் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் அது அவர் மனசில் இல்லாமலும் இல்லை.

அந்த வருடத்து ஊர்திரும்பும் ஆட்டம் நவம்பரில் வந்தது. பருத்தி எடுத்து முடிந்து காடெல்லாம் வெறும் குச்சியாக நின்றது. காலையிலிருந்தே மைதானத்துக்கு வெளியே கெளுத்தி மீன் பொரிக்கிற புகை.

நாலு பகுதி ஆட்டத்தில் இரண்டாம் பகுதியில் ஜேவோன் ஸ்டப்ஸ் அடிபட்டான். அந்த அணியிலேயே நல்ல ஓட்டக்காரன் அவன்தான். ஹோசியா தான் சட்டையில் போட்டு ஆடிய எண்ணைக் கேட்டு வாங்கி அவனுக்குக் கொடுத்திருந்தார். இரண்டு பேர் ஒரே நேரத்தில் மோத, அவன் தலை புல்லில் துள்ளியது. எழுந்தான். எதிர் அணியின் பெஞ்சை நோக்கி நடந்தான்.

அணியின் காயங்களைப் பார்க்கும் கெட்ரா ஓடிப்போய் அவனைத் தோளைப் பிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"டிசம்பர்லேருந்து மாசத்தப் பின்னாடி சொல்லு."

"நல்லா இருக்கும்போதே எனக்கு அது வராது, மிஸ் கெட்ரா."

"சொல்லுடா."

"டிசம்பர். நவம்பர். செப்டம்பர்." நின்றான். "செப்டம்பர்."

கெட்ரா அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டாள். தலையில் அடி வாங்கினவன் எவனும் நன்றாகத்தான் இருக்கிறேன் என்பான். அவன் சொல்வதை நம்பக் கூடாது, கெஞ்சலைக் கேட்கக் கூடாது, ஹெல்மெட்டை எடுத்து ஒளித்துவிட வேண்டும். ஹெல்மெட் இல்லாதவனை நடுவர் உள்ளே விடமாட்டார். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்கிற வழி இது. அதைக் கெட்ரா பெஞ்சுக்குப் பின்னால் இருந்த டிரங்குப் பெட்டியில் போட்டு மூடிவிட்டு, ஹோசியா முன்னால் வந்து நின்றாள்.

"ஜேவோன் அவ்வளவுதான், கோச். இன்னிக்கு இனிமே கிடையாது."

"சரிம்மா."

"என் முகத்தப் பாத்து சொல்லுங்க."

"சரின்னுட்டேனேம்மா."

இடைவேளையில் ரூஃபஸ், ஜேவோன் ஆடக் கூடாது என்று ஹோசியாவிடம் மறுபடியும் சொன்னார். மூன்றாம் பகுதியில் மறுபடியும்.

"எத்தனை தடவடா சொல்லுவ," என்றார் ஹோசியா. "நான் என்ன பச்சப் புள்ளயா?"

கடைசிப் பகுதியில், கில்லியம் நாலு பாயிண்ட் பின்னால் இருந்தபோது, மைதானத்தின் அந்தக் கோடியில், முன்வரிசைப் பையன் ஒருவன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். கெட்ரா ஓடினாள். தன் பையன் விழுந்தால் போகிற பழக்கத்தில் ரூஃபஸும் ஓடினார். முழங்காலைப் பார்த்து, அவன் கையைப் பிடித்து, கெட்ராவோடு சேர்ந்து அவனை அங்கேயே விளிம்புக்கு வெளியே உட்காரவைத்து, ஏதோ சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டு நிமிர்ந்தபோது தூரத்தில் பெஞ்சுப் பக்கம் தெரிந்தது.

ஹோசியா ஜேவோன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையை விரித்து என்னவோ கேட்டார். ஜேவோன் பெட்டியைக் காட்டினான். ஹோசியா குனிந்து மூடியைத் திறந்து, ஹெல்மெட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தார். முதுகில் தட்டினார்.

ஜேவோன் மறுக்கவில்லை. அவனும் தாழ்வாரத்துப் படத்தைப் பார்த்து வளர்ந்தவன்தான்.

பேண்டு முழங்கிக்கொண்டிருந்தது. ரூஃபஸ் கையைத் தூக்கினார், இறக்கினார். பக்கத்தில் நடுவர் நின்றார். அவரிடம் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என்ன வார்த்தை? எங்கள் கோச்சுக்கு மறந்துபோச்சு, அந்தப் பையனை வெளியே அனுப்புங்கள். மைதானம் முழுக்கப் பழைய மாணவர்கள், கல்லூரித் தலைவர், பிஷப். ஒரு ஓட்டம்தானே, நான் போய் அவனை வெளியே எடுத்துவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டு விளிம்போரமாக வேகமாக நடந்தார். ஓடவில்லை. ஓடினால் பார்ப்பார்கள்.

அந்த ஒரு ஓட்டத்தில் ஜேவோனுக்கு ஒன்றும் ஆகவில்லை. பன்னிரண்டு கெஜம் ஓடினான். கூட்டம் எழுந்து நின்றது.

ரூஃபஸ் வந்து சேர்ந்தார். அட்டையை வாய்க்கு முன்னால் தூக்கினார். "ஜேவோனை வெளிய எடு."

"நல்லா ஓடறான்டா. எதுக்கு?"

"தலையில அடி. கெட்ரா சொன்னா. எடு அவனை."

"எப்ப சொன்னா?"

அதற்குள் பந்து அசைந்து அடுத்த ஓட்டம் தொடங்கிவிட்டது. மோதல்கூடப் பெரிதாக இல்லை. தோளோடு தோள் உரசியதுபோலத்தான் இருந்தது. ஜேவோன் பந்தைக் கீழே வைத்துவிட்டு நாலு எட்டு நடந்தான். பிறகு நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தான்.

ஹெலிகாப்டர் மைதானத்தின் நடுவில் இறங்கி அவனை ஜாக்சனுக்குக் கொண்டுபோனது. மண்டையைத் திறந்தார்கள். அவன் கண் திறக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு. விளையாட்டுத் துறைத் தலைவர் ஔஸ்லி, இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சர்ச்சுக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"வக்கீல்கிட்ட பேசிட்டேன். பையன் தானா பெட்டியத் திறந்து ஹெல்மெட்ட எடுத்துக்கிட்டான். கெட்ரா பெட்டியப் பூட்டாம விட்டுட்டா. இதுல அணிக்குப் பொறுப்பு இல்ல."

"கெட்ரா என்ன சொல்றா?" என்று கேட்டார் ரூஃபஸ்.

"அவ அந்தக் கோடியில இருந்தா. அவளுக்கு என்ன தெரியும்? கேமரா எல்லாம் ஆட்டத்தப் பாத்துக்கிட்டு இருந்தது. ஹோசியா, உனக்கு ஞாபகம் இருக்கறது அதுதானே?"

"எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல," என்றார் ஹோசியா.

ஔஸ்லிக்கு நிம்மதியாகிவிட்டது. "அது போதும். கேட்டா இதையே சொல்லு. ரொம்ப நல்ல பதில்."

திரும்பும்போது வண்டியில் ஹோசியா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஆற்றங்கரை மேடு வந்ததும், "நிறுத்து," என்றார். ரூஃபஸ் நிறுத்தினார்.

"அந்தப் பொண்ணு பூட்டாம விடறவ இல்ல. நான்தான் எதையோ பண்ணியிருக்கேன். சொல்லு."

"ஹோசியா."

"எத்தனை வருஷமா நீ எனக்கு ஸ்கோர் சொல்லிக்கிட்டு இருக்க. இதையும் சொல்லு."

ரூஃபஸ் சொன்னார். பெட்டியில் பூட்டே கிடையாது, மூடிதான். அதைத் திறந்தது, எடுத்தது, கொடுத்தது, முதுகில் தட்டியது எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் கோடியில் நின்றதுவரை சொன்னார். கையை இறக்கியதைச் சொல்லவில்லை.

ஹோசியா தன் இரண்டு கைகளையும் மடியில் வைத்துப் பார்த்தார். பெரிய கைகள். விரல்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் கோணியிருக்கும்.

"அவங்கம்மா எங்க?"

"ஜாக்சன்ல. ஆஸ்பத்திரியில."

"இப்பவே போகணும். நாளைக்கு இது எங்கிட்ட இருக்குமோ இருக்காதோ."

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே காத்திருக்கும் அறையில் வேர்லீன் ஸ்டப்ஸ் உட்கார்ந்திருந்தாள். மகனின் எண் போட்ட சட்டையை முந்தின நாள் ஆட்டத்துக்குப் போட்டுவந்தவள் இன்னும் மாற்றவில்லை. கெளுத்தி மீன் ஆலையில் மீன் அறுக்கிறவள். பக்கத்தில் அவள் அக்கா ஆர்னெட்டாவும், சர்ச்சிலிருந்து வந்த பெண்களும், அவர்கள் கொண்டுவந்த அலுமினியத் தாள் மூடிய தட்டுகளும்.

ஹோசியா தொப்பியைக் கழற்றினார்.

"மேடம், நான் ஹோசியா டில்மன். உங்க பையனோட கோச். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அவனா ஹெல்மெட்ட எடுக்கல. நான் எடுத்துக் குடுத்தேன். அவனுக்கு அடிபட்டது எனக்கு மறந்துபோச்சு. எனக்கு மூளையில வியாதி. அதை மறைச்சுட்டு நின்னேன். தப்பு என்னுது."

வேர்லீன் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதை யார் எழுதிக் குடுத்தா உங்களுக்கு?"

"யாரும் இல்லம்மா."

"காலையில ஒருத்தர் கோட்டு போட்டுட்டு வந்தாரு, என் புள்ள திருடி எடுத்துக்கிட்டான்னாரு. இப்ப நீங்க மறந்துட்டேங்கறீங்க. வியாதிக்காரனக் கோர்ட்டுல ஒண்ணும் பண்ண முடியாது, அதானே?"

"அப்படி இல்லம்மா."

"என் புள்ள தலையில அடிபட்டது மறந்துபோச்சு. நாலு பாயிண்ட் பின்னாடி இருந்தது மட்டும் மறக்கல."

ரூஃபஸ் சுவரோரம் நின்றிருந்தார்.

"போங்க, கோச்," என்றாள் வேர்லீன். "உங்களப் பெரிய மனுஷன்னு நம்பித்தான் அனுப்பினேன். போயிடுங்க."

மறுநாள் காலை ரூஃபஸ் வழக்கம்போல ஹோசியாவைக் கூட்டிப்போக வந்தார். கதவு திறந்து கிடந்தது. வண்டி இல்லை. அடுப்பில் பாத்திரம் காய்ந்து கருகிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு, ஆற்றுப் பக்கம் போய்ப் பார்த்தார், மைதானத்தில் பார்த்தார், மனைவியின் கல்லறையில் பார்த்தார். கடைசியாகத்தான் ஜாக்சன் ரோட்டில் வண்டியைத் திருப்பினார்.

அவர் உள்ளே நுழைந்தபோது ஹோசியா அதே அறையில், அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். தொப்பி கையில் இருந்தது.

"மேடம், நான் ஹோசியா டில்மன். உங்க பையனோட கோச். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நேத்தே சொல்லியாச்சே," என்றாள் ஆர்னெட்டா. "தினம் வந்து சொன்னா பாவம் கரையுமா? சீட்டு வாங்கிட்டு வரிசையில நில்லுங்க."

வேர்லீன் கையை உயர்த்தி அவளை நிறுத்தினாள்.

ஹோசியா ஆர்னெட்டாவைப் பார்த்தார், வேர்லீனைப் பார்த்தார். தன்னை வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்ணியவர்போல மரியாதையாகச் சிரித்துவிட்டு, மீதியையும் சொன்னார். அவனா எடுக்கல. நான் எடுத்துக் குடுத்தேன். மறந்துபோச்சு. தப்பு என்னுது. சொல்லியாக வேண்டும் என்பது அவருக்குள் நின்றிருந்தது. சொல்லியாகிவிட்டது என்பது நிற்கவில்லை.

வேர்லீன் எழுந்து அவர் அருகில் போனாள். முகத்துக்கு நேராகப் பார்த்தாள்.

"என்னை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா, கோச்?"

"ஆட்டத்துல பாத்திருப்பேன்மா. நிறைய அம்மாக்கள் வருவாங்க."

அவள் அவரைக் கையைப் பிடித்துக் கொண்டுபோய் ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள். பிறகு ரூஃபஸ் பக்கம் திரும்பினாள்.

"இவர் எப்பலேருந்து இப்படி?"

"ரெண்டு வருஷமா."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கு."

"வேற?"

"எனக்கு மட்டும்தான்."

"நீங்க எங்க இருந்தீங்க, அப்ப?"

"முதல்ல அந்தக் கோடியில. அங்கேருந்து பாத்தேன். அப்புறம் இவர் பக்கத்துல வந்துட்டேன்."

"அதுக்கு முன்னாடி ஒரு தடவ ஓடினானே. எல்லாரும் எழுந்து கத்தினோமே. நானும்தான் கத்தினேன். அப்ப நீ எங்க?"

நீங்க என்பது நீ ஆனதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. ரூஃபஸ் கவனித்தார்.

"நடந்து வந்துக்கிட்டு இருந்தேன்."

"நடந்து."

"ஆமா."

"வந்து என்ன சொன்ன?"

"அவனை வெளிய எடுன்னு சொன்னேன்."

"எவ்வளவு சத்தமா?"

அறையில் இருந்த பெண்கள் எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். தொலைக்காட்சியில் யாரோ சமையல் செய்துகொண்டிருந்தார்கள், சத்தமில்லாமல்.

"இவருக்கு மட்டும் கேக்கற மாதிரி," என்றார் ரூஃபஸ்.

வேர்லீன் தலையை மட்டும் ஆட்டினாள். கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்துத் தோளை இறுக்கிக்கொண்டு நின்றவருக்கு அது தாங்க முடியவில்லை.

"இவரை நான் என்ன கேக்க?" என்றாள் அவள். "இவருக்கு நான் யாருன்னே தெரியல. ஞாபகம் இருக்கறவன் நீதான். அந்தக் கோட்டுக்காரர் அந்தப் பொண்ணு மேல போட்டிருக்காராம், பூட்டலேன்னு. போய் அவர்கிட்ட சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி."

ரூஃபஸ் தாழ்வாரத்துக்குப் போய் ஔஸ்லிக்கு ஃபோன் செய்தார். முதலிலிருந்து சொன்னார். மெம்ஃபிஸ் டாக்டர், இரண்டு சீசன், தூக்கிய கை, இறக்கிய கை. தள்ளுவண்டியில் சாமான் கொண்டுபோன ஒருவர் நின்று திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகத்தான் சொன்னார்.

"யோசிச்சுத்தான் பேசறியா?" என்றார் ஔஸ்லி. "வேலை போகும். அவனுக்கும் உனக்கும். இங்க யாரும் உங்கள உள்ள விடமாட்டாங்க."

"எழுதிக்கிட்டீங்களா? இல்ல மறுபடியும் சொல்லட்டுமா?"

ஔஸ்லி வைத்துவிட்டார். ரூஃபஸ் கெட்ராவிடமும் ஃபோனில் பேசினார். அவள் கேட்டுக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை. "அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருந்தா நான் அந்தப் பெட்டிமேலயே உக்காந்திருப்பேன், மிஸ்டர் ப்ரூவர்," என்றாள்.

திரும்பி வந்தபோது ஹோசியாவின் மடியில் ஒரு தட்டு இருந்தது. பொரித்த மீனும் சோள ரொட்டியும். வேர்லீன் பக்கத்து நாற்காலியில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள். ஹோசியா பசியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முள்ளை எடுத்து ஓரத்தில் ஒதுக்கினார். பிறகு, மற்றவர் சாப்பாட்டை வாங்கிச் சாப்பிடும்போது இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்ற முறைக்காக அவள் பக்கம் திரும்பினார்.

"உங்க ஆளு யாராவது உள்ள இருக்காங்களாம்மா?"

அவள் கண்ணைத் திறந்தாள்.

"என் மகன்."

"சின்னப் பையனா?"

"இருபது."

"நல்லாயிடுவான்மா," என்றார் ஹோசியா. "இந்த வயசுல சீக்கிரம் எழுந்துருவானுங்க."

ரூஃபஸ் அவர் மடியிலிருந்து தட்டை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, அவர் முன்னால் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்தார். உள்ளே இருப்பது யார் என்று சொல்ல ஆரம்பித்தார்.